கணினி தந்த கர்ணன்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். ஆரப்பாளையத்துல ஏறும்போதே பாத்தேன், வண்டி பூரா காதுல ஒயரை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்குதுக. ஒரு வார்த்தை பேச ஆளு இல்லை. நீங்க ஒருத்தர்தான் காதைத் திறந்து வச்சிருக்கீங்க. நல்லவேளை.

நான் கோயமுத்தூருக்கு. மகளைப் பாக்கப் போறேன். இன்ஜினியரிங் முதல் வருஷம். போயி மூணு மாசமாச்சு. மூணு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. பெத்த அப்பன் சார் நான்! நான் போன் போட்டா எடுக்க மாட்டா. அவ அம்மா போட்டா ஒரே ரிங்ல எடுப்பா. நான் பக்கத்துல உக்காந்து குரலை மட்டும் கேட்டுக்கிறது. "பக்கத்துல யாரும்மா, அப்பாவா?"ம்பா. "ஆமா"ன்னு இவ சொன்னதும் வச்சிருவா. நான் என்ன தப்பு செஞ்சேன்? ஊருக்கு நல்லது செஞ்சேன். அதான் தப்பு. கேளுங்க, கேட்டுட்டு நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

நான் கீழச்செங்குளம் பஞ்சாயத்துத் தலைவர். அருப்புக்கோட்டைக்குக் கிழக்க, பஸ்ஸு ஒரு நாளைக்கு நாலு தடவை வந்து போற ஊரு. காசிலிங்கம்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. சரி, சட்டப்படி பாத்தா என் சம்சாரம் இந்திராணிதான் தலைவர். பொம்பளைக்குன்னு ஒதுக்கிட்டாய்ங்க, என்ன செய்யிறது. ஓட்டு அவ பேருல வாங்குனோம். மத்தபடி ஆபீஸ்ல அந்தச் சுத்துற நாற்காலில உக்காருறது நான், மனு வாங்குறது நான், வந்தவனைத் திட்டுறது நான். கையெழுத்து மட்டும் அவ. அதையும் அடுப்படியில வச்சே போட்டுருவா. நல்ல பொம்பளை சார். அப்ப நல்ல பொம்பளை.

எங்க ஊர்ல பழைய நூலகக் கட்டடத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருக்கு. யாரோ ஒரு கம்பெனிக்காரன் ஆறு கம்ப்யூட்டரைக் குடுத்து, அதுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிட்டான். கம்ப்யூட்டர் வந்துச்சு, கரண்டு வரணுமே? காலையில இருந்தா சாயந்தரம் இருக்காது. நெட்டு அதை விட மோசம். போன்ல பேசவே வேப்பமரத்தடிக்குப் போயி அண்ணாந்துக்கிட்டுக் கத்தணும். ரெண்டு வருஷம் அந்த ஆறும் துணியைப் போத்திக்கிட்டுப் படுத்துக் கிடந்துச்சு. ஜெனிபர்னு ஒரு பிள்ளை, பக்கத்து ஊரு, சென்டரைப் பாத்துக்கிறதுக்குப் போட்டது. அது தினம் வந்து துணியை எடுத்து, தூசியைத் தட்டி, மறுபடி போத்தி விட்டுட்டுப் போகும்.

அந்தப் பிள்ளைக்குச் சும்மா இருக்க முடியலை. எங்கெங்கயோ எழுதிப் போட்டுச்சு. மதுரையில இருந்து ஒரு டிரஸ்டுக்காரங்க வந்தாங்க. மாடியில எட்டு சோலார் பலகை, கீழ பேட்டரி, மலைமேல இருக்கிற டவர்ல இருந்து நெட்டை இழுக்க ஒரு டிஷ்ஷு, அந்த டிஷ்ஷுக்கு ஒரு இரும்புக் கம்பம். மாட்டிக் குடுத்தது ரபீக் பாய்னு ஒருத்தர். நல்ல வேலைக்காரர், வாய்தான் கொஞ்சம் நீளம். நான் என்ன செஞ்சேன்னு கேப்பீங்க. நான் மாடிக்கு வழி காட்டுனேன். சிரிக்காதீங்க சார். வழி காட்ட ஒரு ஆளு வேணாமா? அதுக்குப் பேருதான தலைவரு.

சொல்லக் கூடாது, மாட்டுன அன்னைக்கே ஆறு கம்ப்யூட்டரும் கண்ணு முழிச்சிருச்சு. சாதிச் சான்றுக்கும் பட்டா நகலுக்கும் அருப்புக்கோட்டைக்கு ஓடுன சனமெல்லாம் சென்டர்ல வந்து நிக்குது. எனக்குப் பெருமை தாங்கலை. ஞாயித்துக்கிழமை கலெக்டர் அம்மா திறந்து வைக்க வர்றாங்கன்னு தகவல் வந்துச்சு. கலெக்டர் வரும்போது பிளக்ஸு இல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்? நீங்க சொல்லுங்க. காது குத்துக்கே மூணு பிளக்ஸு வைக்கிற ஊரு எங்க ஊரு.

வச்சேன். இருபதடி அகலம், பன்னெண்டடி உயரம். நடுவுல நான், வெள்ளை வேட்டி, கும்பிட்ட கை. வலது கைப்பக்கம் கம்ப்யூட்டர் படம், இடது கைப்பக்கம் சிங்கம். சிங்கம் எதுக்குன்னு பிரிண்ட் கடைக்காரனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, எல்லாத்துலயும் இருக்கு. மேல எழுத்து: "கணினி தந்த கர்ணனே! மின்சாரம் தந்த மன்னனே!" கீழ "இவண்: ஊர்ப் பொதுமக்கள்." பொதுமக்கள்கிட்ட கேட்டா இழுத்தடிப்பாய்ங்கன்னு நானே எழுதிக் குடுத்துட்டேன். இந்திராணி படமும் இருந்துச்சு சார், இல்லைங்கலை. ஓரத்துல, ஸ்டாம்பு அளவுல. வட்டத்துக்குள்ள.

ரோடு கட்டடத்துக்கு மேற்கால. அதனால மாடியில மேற்கு ஓரமா, ரோட்டைப் பாக்க நிறுத்துனோம். சட்டத்தைக் கட்ட ஒரு கம்பம் வேணும். டிஷ்ஷுக் கம்பம் அங்கயே நட்டுக் கிடக்கு, அதை விட்டுட்டு வேற கம்பத்தையா தேடுவாய்ங்க? அதுலயே வரிஞ்சு கட்டியாச்சு. புதன்கிழமை காலையில ஏத்துனது. ரோட்டுல போற வர்ற பஸ்ஸெல்லாம் எம் மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் போச்சு.

அன்னைக்குச் சாயந்தரமே ஜெனிபர் வந்து நிக்கிது. "அண்ணே, ரெண்டு மணிக்கு மேல பிளக்ஸ் நிழலு பலகை மேல விழுது, பேட்டரி ஏற மாட்டேங்குது. காத்தடிச்சா பிளக்ஸு ஆடுது, பிளக்ஸோட சேந்து கம்பமும் ஆடுது, டிஷ்ஷு திரும்பி நெட்டு போயிருதுண்ணே."

நான் நம்பலை. அந்த ரபீக் பாயைப் போன் போட்டு வரச் சொல்லிருக்கு. அவரும் வியாழக்கிழமை வந்து மாடியில நின்னு பாத்துட்டு, கீழ வந்து எல்லாருக்கும் முன்னாடி சொல்றாரு: "தலைவரே, எட்டுப் பலகையும் ஒரே வரிசையில கோத்திருக்கேன். ஒண்ணு மேல நிழல் விழுந்தாலும் எட்டும் படுத்துரும். இப்ப உங்க காதும் சிங்கத்தோட வாலும் ரெண்டு பலகை மேல விழுது. கழட்டிக் கீழ கட்டுங்க."

"ஏன் பாய், ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா எட்டு பேரும் படுத்துருவாய்ங்களா? இது பலகையில கோளாறு. மட்டமான சரக்கை மாட்டிட்டு எம் மூஞ்சி மேல பழி போடுறீங்க"ன்னு கேட்டுட்டேன். மனுசன் ஸ்குரூடிரைவரைப் பைக்குள்ள போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. அவருக்கே பதில் தெரியலைன்னுதான் நான் நினைச்சேன்.

இவங்க யாராவது பிளக்ஸை அவுத்துருவாங்கன்னு மாடிக் கதவுக்கு என் பூட்டைப் போட்டேன். சாவி இந்தா, இந்த அரைஞாண் கயித்துல.

இப்பதான் விசயமே வருது, நல்லாக் கேளுங்க. அந்த வாரம் இன்ஜினியரிங் கவுன்சலிங். எந்த காலேஜு, எந்தக் குரூப்புன்னு வரிசையாப் போட்டு கம்ப்யூட்டர்ல லாக் பண்ணணுமாம். மூணு நாளு குடுத்திருந்தாய்ங்க. புதன், வியாழன், வெள்ளி. வெள்ளிக்கிழமை அஞ்சு மணி கடைசி. அஞ்சு மணிக்கு மேல ஒரு நிமிசம் ஆனாலும் சீட்டு கிடையாது. பிளக்ஸு ஏறுனதும் அதே புதன்கிழமை. நான் என்ன நாளு பாத்தா ஏத்துனேன்?

வெள்ளிக்கிழமை மாசாந்தர மராமத்துன்னு காலையில ஒம்பது மணிக்கே கரண்டை நிறுத்திட்டாய்ங்க. சாயந்தரம் அஞ்சு மணிக்குத்தான் விடுவாய்ங்க. அன்னைக்குச் சென்டருக்குச் சோலாரை விட்டா வேற கதி இல்லை. ஆடிக் காத்து வேற, ஆளைத் தள்ளுது. மூணு மணி இருக்கும். ஜெனிபர் ஆபீஸுக்கு ஓடி வருது. நான் நாற்காலில சாஞ்சு கண்ணை மூடிருக்கேன்.

"அண்ணே, ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பிளக்ஸை இறக்கிக்கிறோம்ணே. ரெண்டு பிள்ளைங்க லாக் பண்ணணும். அஞ்சு கம்ப்யூட்டரை அணைச்சிட்டு ஒண்ணுல மட்டும் ஓட்டிக்கிட்டிருக்கேன். உள்ள போயி பாதி வரும்போது நெட்டு போயிருது, மறுபடி முதல்ல இருந்து. பேட்டரியும் கீழ கீழ போகுது. சாவியைக் குடுங்கண்ணே, கால்ல விழுறேன்."

"எந்தப் பிள்ளைங்க?"

"காளீஸ்வரி. அப்புறம் இன்னொரு பிள்ளைண்ணே."

காளீஸ்வரி அந்தக் கிழக்குத் தெருப் பிள்ளை. நல்ல மார்க்கு. மாவட்டத்துல எத்தனாவதோ வந்துச்சுன்னு நானே சால்வை போத்திருக்கேன். இன்னொரு பிள்ளை யாருன்னு நான் கேக்கலை. கேக்கணும்னு தோணலை. அந்த இன்னொரு பிள்ளை எம் மக மோனிஷா சார்.

ஆமா. வீட்டுல சொல்லாம வந்து உக்காந்திருக்கா. ஏன்னா நான் அருப்புக்கோட்டையில பி.காம் சேத்துவிடுறதா இருந்தேன். பொம்பளப் பிள்ளை, காலையில போனா சாயந்தரம் வீட்டுக்கு வந்துரணும், எங்க அக்கா மகன் வேற காத்துக்கிட்டிருக்கான். கோயமுத்தூர்னு அவ ஒரு தடவை சொன்னா, நான் ஒரு முறை முறைச்சேன், அதோட வாயை மூடிட்டா. ஒத்துக்கிட்டான்னு நினைச்சேன். மனுசன் அப்படித்தான நினைப்பான்? அவ அம்மாவுக்கு எல்லாம் தெரியும். எனக்குத்தான் தெரியாது. ஊரையே கட்டி ஆளுறேன், வீட்டுக்குள்ள நடக்கிறது எனக்குத் தெரியலை.

நான் ஜெனிபர்கிட்ட சொன்னேன்: "இறக்கிட்டா யாரு மறுபடி ஏத்துறது? ஆளுங்களெல்லாம் பந்தல் வேலைக்குப் போயிட்டாய்ங்க. ஞாயித்துக்கிழமை கலெக்டர் வர்றாங்க. அதுகளை அருப்புக்கோட்டைக்குப் போயிப் போடச் சொல்லு."

"அடுத்த பஸ்ஸு நாலரைக்குத்தான்ணே."

"அப்ப அடுத்த வருஷம் போடச் சொல்லு."

விளையாட்டாச் சொன்னது சார் அது. சத்தியமா விளையாட்டாத்தான் சொன்னேன். அந்தப் பிள்ளை வந்த வேகத்துலயே திரும்பி ஓடிருச்சு. நான் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு வீட்டுக்குப் போயிச் சாப்பிட்டேன். கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டதும் கண்ணைச் சொக்கிருச்சு.

திண்டுக்கல்லுங்களா இது? ஒரு டீ குடிப்பமா? வேணாமா? சரி, உக்காருங்க, வண்டியை எடுத்துருவான்.

நாலு மணி இருக்கும். தெருவுல சத்தம். என்னடான்னு எந்திரிச்சு ஓடுறேன். சென்டர் முன்னாடி பாதி ஊரு அண்ணாந்து நிக்குது. மாடிக் கதவுல என் பூட்டை அம்மிக்குழவியை வச்சு உடைச்சிருக்கு. மேல, சார், என் சம்சாரம். சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, கையில கருவேல முள்ளு வெட்டுற அருவா. எலெக்சன்ல நின்னப்பக்கூட மேடை ஏறமாட்டேன்னு அழுதவ!

"இந்திராணி! கலெக்டர் வர்றாங்க!"ன்னு கத்துறேன்.

"வரட்டும், நான்தான தலைவரு. நான் பதில் சொல்லிக்கிறேன்"ங்கிறா. மேல இருந்து. பாதி ஊருக்கு முன்னாடி.

கயித்தை அவுத்துருக்கலாமில்ல? அவுக்க நேரமில்லையாம். ஒரே இழுப்பு. வெட்டு எங்க விழுந்துச்சுங்கிறீங்க? படத்துல, என் கழுத்துல. தலை தனியா, கும்பிட்ட கை தனியாக் கீழ வருது. சிங்கம் முழுசா வந்துச்சு சார். சிங்கத்துக்கு ஒண்ணும் ஆகலை. சனம் கை தட்டுது. என் சொந்தக்காரப் பயலுகளே தட்டுறாய்ங்க!

அவமானத்துல உள்ள ஓடுனேன். அங்க போயித்தான் பாத்தேன், கம்ப்யூட்டர் முன்னாடி எம் மக. பக்கத்துல காளீஸ்வரி நின்னு காலேஜு நம்பரா வாசிக்குது, இவ தட்டுறா. ரெண்டு பேருக்கும் வேர்த்து ஊத்துது. மக என்னைத் திரும்பிப் பாக்கவே இல்லை. ஜெனிபர் குறுக்க வந்து கையை நீட்டி மறிச்சிருச்சு, "அண்ணே, தயவுசெஞ்சு வெளிய நில்லுங்க"ன்னு. பஞ்சாயத்துக் கட்டடத்துல பஞ்சாயத்துத் தலைவரை வெளிய நில்லுங்குது!

நாலு இருபத்தஞ்சுக்கு மோனிஷா லாக் பண்ணிட்டா. எந்திரிச்சா. காளீஸ்வரி உக்காந்துச்சு. அது பேரைப் போட்டு உள்ள போயி, நாலஞ்சு காலேஜு தட்டிருக்கும். பட்டுனு எல்லாம் இருண்டுபோச்சு. பேட்டரி தீந்துருச்சு. நிழலு போயிருச்சுதான், ஆனா காலியான பேட்டரி அந்தச் சாய்ஞ்ச வெயிலுக்கு உடனே எந்திரிக்குமா? ஜெனிபர் ஓடுது, ஒயரைப் புடுங்குது, மாட்டுது, ரபீக் பாய்க்குப் போன் போட வேப்பமரத்துக்கு ஓடுது. இந்திராணி ஒரு மோட்டார் சைக்கிளைப் பிடிச்சு அந்தப் பிள்ளையைப் பின்னால ஏத்தி அனுப்புனா. இருபத்திரெண்டு கிலோமீட்டர். அருப்புக்கோட்டையில நெட்டுக் கடைக்குள்ள கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு நுழையும்போது அஞ்சு ஏழு. அங்கயும் அன்னைக்குத்தான் கூட்டம்.

எங்க ஊருக்குக் கரண்டு அஞ்சு மணிக்கு டான்னு வந்துச்சு. அவய்ங்க நேரம் தவறவே மாட்டாய்ங்க.

இதுல எனக்கு வருத்தம் இல்லைன்னு நினைக்காதீங்க. வருத்தம்தான். ஆனா எம் மகளுக்குச் சீட்டு கிடைச்சிருச்சுல்ல? கோயமுத்தூரு, கம்ப்யூட்டர் குரூப்பு! நானே "போ தாயி, போயிப் படி"ன்னு பெருந்தன்மையாச் சொன்னேன். சந்தோசப்படுவான்னு பாத்தா, உக்காந்து அழுகுறா. "அங்க முதல்ல உக்காந்திருந்தது காளீஸ்வரிப்பா. உங்க அப்பா வந்தா உன்னைய இழுத்துட்டுப் போயிருவாரு, நீ முதல்ல முடின்னு எந்திரிச்சு எனக்கு இடம் விட்டா"ங்கிறா.

நான் கேட்டேன், "நீதான்னு ஜெனிபர் ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் சாவியைக் குடுத்திருக்க மாட்டேனா? கோவப்பட்டாலும் குடுத்திருப்பேன்ல? பெத்த பிள்ளைக்குச் செய்யமாட்டேனா?"

அவ அழுகையை நிப்பாட்டிட்டு என்னைய ஒரு பார்வை பாத்தா. "அப்ப காளீஸ்வரிக்குன்னா குடுக்க மாட்டீங்க?"ன்னா. அதுதான் சார் கடைசியாப் பேசுனது. நானும் மூணு மாசமா யோசிக்கிறேன், நான் கேட்டதுல என்ன தப்புன்னு. பிடிபடலை.

ஞாயித்துக்கிழமை கலெக்டர் அம்மா வந்தாங்க. "தலைவர் யாரு?"ன்னாங்க. நான் துண்டைச் சரிபண்ணிக்கிட்டு ஒரு எட்டு வைக்கிறதுக்குள்ள இந்திராணி முன்னால போயி நின்னுட்டா. நின்னது மட்டுமா? மராமத்து அன்னைக்கு என்ன நடந்துச்சு, யாரு சீட்டு போச்சு, யாரு பூட்டுனதுன்னு ஒண்ணு விடாம ஒப்பிச்சா. என்னையக் காட்டியே சொன்னா. அந்தம்மா என்னைய ஏற இறங்கப் பாத்தாங்க. நான் பழக்க தோசத்துல கும்பிட்டேன், அந்த பிளக்ஸுல இருக்கிற மாதிரியே. பின்னால எவனோ சிரிச்சான்.

அதுல இருந்து அந்தச் சுத்துற நாற்காலில அவதான் உக்காருறா. நான் எதித்தாப்புல இருக்கிற பெஞ்சுல. ரபீக் பாய் திரும்ப வந்து கம்பத்துக்கு நாலு பக்கமும் இழுத்துக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுட்டுப் போயிருக்காரு. இப்பப் புயல் அடிச்சாலும் நெட்டு அசையாது. மாடியில யாரும் எதையும் கட்டக் கூடாதுன்னு தீர்மானம் வேற. அந்தத் தீர்மானத்துக்கும் அவதான் கையெழுத்து, ஆபீஸ்ல உக்காந்து.

என்னைய ஈரமில்லாதவன்னு நினைச்சிராதீங்க. அந்தக் காளீஸ்வரி வீட்டுல சும்மா கிடக்குதேன்னு, நானே ஏஜென்டைப் பிடிச்சு நூல் மில்லுல சேத்துவிட்டேன். வேன் வீட்டு வாசலுக்கே வருது. யாரு செய்வா? அது ஒரு நன்றிகூடச் சொல்லலை. இதை மக காதுல போடுறி, அப்பன் எம்புட்டு நல்லது செஞ்சிருக்கான்னு தெரியட்டும்னு இந்திராணிகிட்ட சொன்னேன். போட்டாளாம். அதுக்கு அப்புறம் அம்மாகிட்டயே ரெண்டு நாளு பேசலையாம்.

முந்தாநாளு மககிட்ட இருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. மூணு மாசத்துல முதல் மெசேஜ். "அப்பா"ங்கிற எழுத்தைப் பாத்ததுமே கண்ணுல தண்ணி வந்துருச்சு, பொய் சொல்லலை. இந்தா பாருங்க. கண்ணாடி இல்லையா? நானே வாசிக்கிறேன். "அப்பா, காளீஸ்வரி வீட்டுக்குப் போயி, என்னாலதான் உன் சீட்டு போச்சுன்னு சொல்லி மன்னிப்புக் கேளுங்க. கேட்டுட்டு வாங்க, பேசுறேன்." அம்புட்டுத்தான்.

நான் போயி அந்தத் தெருவுல, அந்த வீட்டு வாசல்ல நின்னு, பதினேழு வயசுப் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேக்கவா? நடக்கிற காரியமா? நான் போகலை. நேரா பஸ்ஸு ஏறிட்டேன். கேட்டுட்டேன் தாயின்னு சொல்லிற வேண்டியதுதான. காதுகுத்துலயும் கல்யாணத்துலயும் எம்புட்டுப் பொய் சொல்றோம், இது ஒரு பொய்யா? இவ கோயமுத்தூர்ல இருக்கா, அது கீழச்செங்குளத்துல கிடக்கு. இவளுக்கு எப்படித் தெரியப்போகுது?

என்ன சார், அப்படிப் பாக்குறீங்க?

இல்லை, அது மில்லு விட்டு வந்ததும் சென்டருக்குத்தான் போகும். அடுத்த வருஷத்துக்குப் படிக்குதாம், ஜெனிபர் சொல்லிக் குடுக்குது. ஆறரை மணி ஆனா அதும் எம் மகளும் கம்ப்யூட்டர்ல மூஞ்சியைப் பாத்துப் பேசுங்க. தினம். முன்னாடியாவது நெட்டு நாலு வார்த்தையில அந்துபோகும். இப்பத்தான் மணிக்கணக்கா நிக்குதே.

மணி என்ன சார் இப்ப?

ஒட்டன்சத்திரம் போயிருச்சா. தாராபுரத்துல மதுரைக்குத் திரும்புற வண்டி உடனே கிடைக்குமா? இல்லை இல்லை, சும்மாத்தான் கேக்குறேன்.